தொட்டதோகூர், சிக்கதோகூர்: எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஆயிரம் வயதுக்கு மேல்

எலெக்ட்ரானிக் சிட்டியில் குடியிருக்கும் தமிழர்களிடம் இந்த இடத்தின் சரித்திரம் என்னவென்று கேட்டுப் பாருங்கள். "இங்க என்னங்க சரித்திரம்? ராகிக் காடா கிடந்தது. கம்பெனி வந்துது, நாம வந்தோம்" என்பார்கள். ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாக்களும் இரண்டு நாள் கண்ணாடிக் கட்டிடங்களைப் பார்த்துவிட்டு, "கோயில் குளம் எதுவும் இல்லாத ஊரா இருக்கேப்பா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். இங்கே பிறந்து வளரும் பிள்ளைகளின் பாடு இன்னும் சங்கடம். "உன் ஊர் எது?" என்று கேட்டால், வருஷத்துக்குப் பத்து நாள் மட்டுமே பார்க்கிற தாத்தா ஊரைச் சொல்லும். இல்லாவிட்டால் 'ஃபேஸ் ஒன்' என்று சொல்லும். ஃபேஸ் ஒன் என்று ஒரு ஊரா!

ஊர் உண்டு. பேரும் உண்டு. அதுவும் நேற்று வைத்த பேர் இல்லை.

முதலில் தெரிந்த கதையைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். கர்நாடக அரசின் மின்னணு வளர்ச்சிக் கழகமான கியோனிக்ஸ் 1976-ல் தொடங்கியது. அதன் முதல் தலைவர் ஆர்.கே.பாலிகா. பெங்களூரை இந்தியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்கு ஆக்கவேண்டும் என்று அவர் சொன்னபோது நிறையப் பேர் சிரித்திருப்பார்கள். 1978-ல் ஓசூர் ரோட்டில் 332 ஏக்கரில் எலெக்ட்ரானிக் சிட்டி உருவானது. 1990-களில் மென்பொருள் கம்பெனிகள் பெருகின. 2010 ஜனவரியில் சில்க் போர்டு பக்கமிருந்து மேம்பாலச் சாலை வந்தது. 2025 ஆகஸ்டில் ஆர்.வி.ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை மஞ்சள் தட மெட்ரோவும் வந்துவிட்டது.

இந்த 332 ஏக்கர் எந்த ஊர்களின் நிலம்? கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் என்ற இரண்டு கிராமங்கள். நம் கதை இந்த இரண்டாவது பேரில் ஆரம்பிக்கிறது.

யார் தொட்டது? யார் சிக்கினது?

தமிழில் எழுதினால் 'தொட்டதோகூர்' கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். யாரோ எதையோ தொட்ட மாதிரி. பக்கத்திலேயே சிக்கதோகூர் வேறு. சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த ரோட்டில் போனால் பேர் பொருத்தம் என்றுதான் தோன்றும் :-)

தொட்ட என்றால் பெரிய, சிக்க என்றால் சின்ன. பெரிய தோகூர், சின்ன தோகூர். இதற்காக கன்னட அகராதி தேட வேண்டாம். நம் ஊட்டியில் தொட்டபெட்டா ஏறியிருப்பீர்கள். அதே தொட்ட. பெட்டா என்றால் மலை. தமிழ்நாட்டின் உச்சிகளில் ஒன்றுக்குப் 'பெரிய மலை' என்று அந்த மொழியில் பேர் இருக்கிறது, நமக்கு உறுத்துவதே இல்லை. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பெரியது, சின்னது என்ற முன்னொட்டுகளைக் கழற்றிவிட்டால் மிச்சம் தோகூர். இந்தத் தோகூரைத் தேடித்தான் நாம் பேகூர் போக வேண்டும். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டருக்குள். நம்மில் பலருக்கு அது டிராஃபிக்கைத் தவிர்க்கும் குறுக்கு வழி, அவ்வளவுதான்.

ஒரு வீரனின் சாவும் பன்னிரண்டு ஊர்களும்

பேகூரில் ஏரிக்கு அருகே நாகேஸ்வரர் கோயில் இருக்கிறது. பஞ்சலிங்கேஸ்வரர் கோயில் என்றும் சொல்வார்கள். ஐந்து சிவன் சன்னதிகள். அதில் ஒருவர் பெயர் சோளேஸ்வரர், அதாவது நம் சோழேஸ்வரர். ஆனால் கோயிலின் பழைய பகுதிகள் சோழருக்கு முந்தியவை, மேலைக் கங்கர் காலத்தவை.

9-ஆம் நூற்றாண்டின் கடைசி, 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பகுதி கங்க அரசன் எரெயப்பனின் ஆட்சியில் இருந்தது. அவனுக்குக் கீழே இங்கே இருந்த தலைவன் நாகத்தரன். வீரமகேந்திரனுக்கு எதிரான போரில் அவன் படையோடு அனுப்பப்படுகிறான். தும்பேபாடி என்ற இடத்தில் யானைகளோடு மோதிச் சாகிறான். செய்தி கேட்ட அரசன், இருகன் என்பவனுக்கு நாகத்தரன் என்ற பட்டத்தைக் கட்டி, 'பெம்பூர் பன்னிரண்டு' என்ற ஊர்த் தொகுதியை கல்நாடாகக் கொடுக்கிறான். போரில் இறந்தவன் பொருட்டு நிலம் கொடுப்பது நம் பக்கத்திலும் இருந்த வழக்கம்தான். உதிரப்பட்டி என்போம்.

இதையெல்லாம் பழைய கன்னடத்தில் வெட்டி, மேலே அந்தப் போரையே சிற்பமாகச் செதுக்கி ஒரு வீரக்கல் நட்டார்கள். யானை, குதிரை, வில், வாள், விழுந்து கிடப்பவர்கள் எல்லாம் அதில் உண்டு. பேகூரில் கிடைத்த அந்தக் கல் இப்போது கஸ்தூர்பா ரோட்டில் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கப்பன் பார்க்குக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கினால் பார்த்துவிடலாம்.

அந்தக் கல்லில் கொடுத்த ஊர்களின் பட்டியலும் இருக்கிறது. எல்லா தானக் கல்வெட்டிலும் வருகிற வறட்டுப் பட்டியல்தான். ஆனால் இங்கே குடியிருப்பவர்களுக்கு அது வறட்டுப் பட்டியலாக இருக்காது. பெம்பூர், தொவகூர், பூவின புல்லிமங்கல, நல்லூர், இக்கலூர், எல்குண்டெ, கூடலெ என்று போகிறது.

பெம்பூர் பேகூர். தொவகூரை இரண்டு முறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், தோகூர். கூடலெ என்பது மெட்ரோவில் ஸ்டேஷனே இருக்கிற குட்லு. இக்கலூர் சந்தாபுரா பக்கம் ஏறக்குறைய அதே பேரோடு இன்றும் இருக்கிறது. புல்லிமங்கல என்பதைக் கேட்டால் ஜிகனி போகும் வழியில் உள்ள ஹுலிமங்கலா ஞாபகம் வருகிறது. அது ஏன் 'பு' இல்லாமல் 'ஹு' ஆனது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இங்கிலாந்துக்கு ஆன்சைட் போய் வந்தவர்கள் அங்கே சின்னக் கிராமங்களின் வாசலில் கூட "இந்த ஊர் டூம்ஸ்டே புத்தகத்தில் இருக்கிறது" என்று பெருமையாக எழுதி வைத்திருப்பதைப் பார்த்திருக்கலாம். டூம்ஸ்டே புத்தகம் என்பது அங்கே 1086-ல் எடுத்த நிலக் கணக்கு. ஒரு கிராமத்தின் பேர் அதில் இருந்தால் அந்த ஊருக்கே ஒரு கௌரவம். ஊர்ப் பேர்களை ஆராய்வதற்கென்றே 1923-ல் ஒரு சங்கம் வைத்து மாவட்டம் மாவட்டமாகப் புத்தகம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நம் தொட்டதோகூர் அந்த டூம்ஸ்டே கணக்குக்கு நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் முந்தியே கல்லில் ஏறிவிட்டது. ஊர் வாசலில் நாம் எழுதி வைத்திருப்பது 'பி.ஜி. ஃபார் ஜென்ட்ஸ்'.

வெந்த பயறும் வெங்கலூரும்

பேகூரில் இன்னொரு கல் இருக்கிறது. அதுவும் அதே காலம், சுமார் 890 என்கிறார்கள். நாகத்தரனின் மகன் புட்டணசெட்டி 'பெங்களூரு காளக'த்தில் இறந்த செய்தி அதில் இருக்கிறது. காளக என்றால் போர். பெங்களூர் என்ற பேர் நமக்குக் கிடைத்தவற்றில் இதுதான் மிகப் பழையது. 1915-ல் ஆர்.நரசிம்மாச்சார் இதை வெளியுலகத்துக்குக் கொண்டுவந்தார். கல் இன்னும் பேகூர் கோயிலிலேயே இருக்கிறது.

இந்தக் கல்லுக்கு முன்னால் ஒரு பிரபலமான கதை நிற்க முடியாமல் போகிறது. பெங்களூர் வந்த முதல் வாரத்திலேயே நமக்கெல்லாம் யாராவது சொல்லியிருப்பார்கள். ஹொய்சாள ராஜா வீரபல்லாளன் வேட்டைக்குப் போய் வழி தவறிவிட்டான், ஒரு கிழவி வெந்த பயறு கொடுத்துப் பசியாற்றினாள், அதனால் 'பெந்த காளு ஊரு', அதுவே பெங்களூரு என்று. அழகான கதை. ஆனால் இரண்டாம் வீரபல்லாளன் ஆண்டது 1173 முதல் 1220 வரை. பேர் அவனுக்கு ஏறக்குறைய முன்னூறு வருஷத்துக்கு முன்பே கல்லில் இருக்கிறது. பேரன் பிறந்த பிறகு தாத்தாவுக்குப் பேர் வைத்த மாதிரி.

கதை தோற்றாலும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. பெந்த காளு என்பதை நாம் 'வெந்த பயறு' என்று உடனே புரிந்துகொண்டோம் இல்லையா? எப்படி? தமிழில் 'வ' இருக்கும் இடத்தில் கன்னடத்தில் பல சமயம் 'ப' வரும். அதுவும் அழுத்தமான 'ப', பஸ்ஸில் வருகிற 'ப'. வேர் என்றால் பேரு, வேலி என்றால் பேலி, விரல் என்றால் பெரளு, வா என்றால் பா, வெந்த என்றால் பெந்த.

இதை வைத்துக்கொண்டு மடிவாளா போவோம். நம் ஆட்களுக்கு மடிவாளா என்றால் வெள்ளிக்கிழமை ராத்திரி ஆம்னி பஸ் ஏறும் இடம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் சோமேஸ்வரர் கோயில் இருக்கிறது. அதன் சுவரில் தமிழ் எழுத்துக்கள். 1247-ஆம் வருஷத்துக் கல்வெட்டு. வெப்பூர்க்காரர் ஒருவர் வெங்கலூர்ப் பெரிய ஏரியின் கீழ் உள்ள நிலத்தைத் தானமாகக் கொடுத்த சமாச்சாரம்.

வெங்கலூர் பெங்களூர். வெப்பூர் பெம்பூர், அதாவது நம் பேகூர். ஒரே ஊரைக் கன்னடக் கல் 'பெ' என்கிறது, தமிழ்க் கல் 'வெ' என்கிறது. இரண்டு மொழிக்காரர்களும் அந்த ஊரைத் தங்கள் வாய்க்கு வந்தபடி சொல்லியிருக்கிறார்கள், எழுதியும் வைத்திருக்கிறார்கள். அதே கோயிலில் இருக்கும் இன்னொரு தமிழ்க் கல்வெட்டு மூன்றாம் வல்லாளன் காலத்தது. அதில் தாமரைக்கிரை என்று ஒரு ஊர். பக்கத்திலேயே இருக்கும் இன்றைய தாவரெகெரெதான் அது. தாவரெ என்றால் தாமரை, கெரெ என்றால் ஏரி. எழுதினவர் 'தாமரை'யைத் தமிழாக்கிவிட்டு 'கெரெ'யை மட்டும் தமிழ் ஏரியாக்காமல் 'கிரை' என்று அப்படியே விட்டுவிட்டார். நாம் இப்போது 'சில்க் போர்டு ஸ்டாப்பிங்' என்று பேசுகிற மாதிரிதான்!

தமிழ் இங்கே எப்படி வந்தது?

1004 வாக்கில் ராஜராஜ சோழனின் படை தலைக்காட்டைப் பிடித்ததோடு கங்கர் ஆட்சி முடிந்தது. கோலார், பெங்களூர்ப் பக்கத்துக்கு நிகரிலிசோழமண்டலம் என்று புதுப் பேர் வந்தது. ஏறக்குறைய நூறு வருஷம் சோழர் கை ஓங்கியிருந்தது. 1116-17-ல் ஹொய்சாள விஷ்ணுவர்த்தனன் தலைக்காட்டை மீட்டான். அதோடு இந்தப் பக்கம் சோழர் ஆட்சி தேய்ந்தது.

ஆட்சி போனது, தமிழ் போகவில்லை. மடிவாளா கல்வெட்டின் வருஷத்தை மறுபடி பாருங்கள். 1247. அப்போது ஆண்டவர்கள் ஹொய்சாளர்கள், கன்னட அரசர்கள். கோயிலில் வெட்டியிருப்பதோ தமிழ். தொம்மலூரில் (நம் டொம்லூர்தான்) உள்ள சொக்கநாதசுவாமி கோயிலிலும் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அந்த ஊருக்கு தேசிமாணிக்கப்பட்டணம் என்று ஒரு பேரும் அதில் உண்டு. யெலஹங்காவைத் தமிழ்க் கல்வெட்டுகள் இலைப்பாக்க நாடு என்கின்றன. ஹொய்சாள நாடு இரண்டாகப் பிரிந்தபோது, தமிழ்ப் பகுதியை ஆண்ட ராமநாதன் முதலில் திருச்சிக்குப் பக்கத்தில் கண்ணனூரிலும் பிறகு குந்தாணியிலும் இருந்தான். குந்தாணி எங்கே என்கிறீர்களா? நாம் கிருஷ்ணகிரி போகும் வழியில், ஓசூரைத் தாண்டி உள்ளே இருக்கிற ஒரு சின்னக் கிராமம். ஒரு காலத்தில் ஹொய்சாளத் தலைநகர்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். "பார்த்தீங்களா, பெங்களூர் நம்ம ஊர்தான்" என்று இந்தத் தமிழ்க் கல்வெட்டுகளை மீசை முறுக்கிக் காட்டும் ஃபார்வேர்டுகள் அடிக்கடி வருகின்றன. காவிரிப் பிரச்னை சூடாகும்போது இன்னும் அதிகமாக வரும். 1991-லும், 2016 செப்டம்பரிலும் இந்த நகரத்தில் என்ன நடந்தது என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். டி.என். நம்பர் பிளேட் வண்டியை மூடி வைத்தவர்கள் எத்தனை பேர்! பயந்திருந்த மனசுக்கு இப்படி ஒரு கல்வெட்டு கிடைத்தால் ஆறுதலாக இருக்கும் என்பது புரிகிறது.

ஆனால் கல்வெட்டு பட்டா ஆகாது. அப்படி ஆகுமென்றால் தர்மபுரியை நாம் இழக்க வேண்டியிருக்கும். தகடூர்ப் பக்கம் நொளம்பர் காலத்துக் கன்னடக் கல்வெட்டுகள் இருக்கின்றன. மாரண்டஹள்ளி போகிற பஸ் இன்றும் தமிழ்நாட்டு பஸ்தான், ஹள்ளியோ கன்னடம். தொட்டபெட்டாவை நினைவில் வைக்கச் சொன்னது இதற்குத்தான். 1956 நவம்பர் 1-ல் மாநிலங்களைத் திருத்தி அமைத்தபோதும் அட்டிபெலெ அந்தப் பக்கமும் ஓசூர் இந்தப் பக்கமுமாகவே நின்றன. அதற்கு முன்பு ஆயிரம் வருஷமாக இங்கே இரண்டு மொழியும் ஒன்றின் வீட்டுக்குள் ஒன்று போய் வந்து கொண்டிருந்தன. பேகூரின் மூத்த கற்கள் கன்னடம் என்பதையும், மடிவாளாவின் சுவர் தமிழ் என்பதையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் அது பாதிக் கதை.

மஞ்சள் தடத்தில் ஒரு பாடம்

ரா.பி.சேதுப்பிள்ளை 1946-ல் எழுதிய 'தமிழகம் ஊரும் பேரும்' படித்தவர்களுக்குத் தெரியும், ஊர்ப் பேரின் வாலைப் பிடித்தாலே பாதி சரித்திரம் கைக்கு வந்துவிடும். இங்கேயும் அப்படித்தான். மெட்ரோவில் ஏறி உட்காருங்கள். ஸ்டேஷன் பேர்களைக் கேட்டுக்கொண்டே வந்தால் போதும்.

பொம்மனஹள்ளி: ஹள்ளி என்றால் கிராமம். நம் திருச்சிராப்பள்ளியில் இருக்கிற அதே 'பள்ளி'. பழைய கன்னடத்தில் சொல்லின் தொடக்கத்தில் இருந்த 'ப', பத்தாம் நூற்றாண்டு வாக்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக 'ஹ' ஆகிவிட்டது. பால் ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூவு, புலி ஹுலி, பள்ளி ஹள்ளி. புல்லிமங்கல ஹுலிமங்கலா ஆனதும் இதே வழியில்தான். இந்த இரண்டு சூத்திரங்களையும் (வ-ப, ப-ஹ) பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் கன்னடப் பாடம் என்று அழுகிற பிள்ளைக்கு ஒரே நாளில் ஐம்பது வார்த்தை தெரிந்தே இருக்கும்.

ஹொங்கசந்திரா, சிங்கசந்திரா, பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டியை ஒட்டியே இருக்கும் வீரசந்திரா: இந்த 'சந்திரா'வுக்கும் நிலாவுக்கும் சம்பந்தமில்லை. சமுத்திரம் தேய்ந்து சந்திரம் ஆனது. கடலே இல்லாத மேட்டு நிலத்தில் சமுத்திரம் என்றால் ஏரி. அம்பாசமுத்திரத்துக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஒரு பெரிய மனிதரோ அரசரோ ஏரி வெட்டினால் அதற்குச் சமுத்திரம் என்று பேர், ஏரியைச் சுற்றி வரும் ஊருக்கும் அதே பேர். சிங்கசந்திரா ஏரி, வீரசந்திரா ஏரி எல்லாம் இன்னும் இருக்கின்றன. ஜீவநதி கிடையாத இந்த மேட்டு நிலத்தில், ஒரு ஏரி நிரம்பி வழிந்தால் அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும்படி சங்கிலியாகக் கட்டி வைத்துத்தான் விவசாயம் பார்த்திருக்கிறார்கள். கெரெ, குண்டெ, கட்டெ, சந்திரா என்று எத்தனை பேர் பாருங்கள், அத்தனையும் தண்ணீர்ப் பேர். வீடு வாங்கப் போகிறவர்களுக்கு இது சரித்திரத்துக்கு மேல் உபயோகப்படும். பேரிலேயே ஏரி இருக்கிறதென்றால் பழைய வரைபடத்தில் ஏரி எங்கே, கால்வாய் எங்கே என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். 2022 செப்டம்பர் மழையில் நகரத்தின் கிழக்குப் பக்கம் பங்களாக்களுக்குள் படகு போனதை எல்லோரும் டி.வி.யில் பார்த்தோம். தண்ணீர் தன் பழைய வழியை மறக்காது.

ஹொசா ரோடு: ஹொச என்றால் புதிய. ஓசூரும் அப்படியே, ஹொச ஊரு. நம் கணக்கில் புத்தூர்.

பெரட்டன அக்ரஹாரா, கோனப்பன அக்ரஹாரா: அக்ரஹாரம் நமக்குத் தெரிந்ததுதான், வேதம் படித்தவர்களுக்கு வரி இல்லாமல் விடப்பட்ட ஊர். நடுவில் வருகிற 'ன' என்பது நம் 'இன்'. கோனப்பனின் அக்ரஹாரம். தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த அக்ரஹாரம் ஒன்றும் இதே பக்கத்தில் இருக்கிறது. 2014-ல் நம் டி.வி. சேனல்கள் எல்லாம் வாசலிலேயே குடியிருந்த பரப்பன அக்ரஹாரா. ஜெயில் இருப்பதால் பேர் பிரபலமாகிவிட்டது. மந்திரம் ஓத விட்ட ஊர் கடைசியில் கம்பி எண்ணுவதற்கு அடையாளமானது காலத்தின் வேடிக்கை.

மெட்ரோவில் இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். கோனப்பன அக்ரஹாரா ஸ்டேஷனின் முழுப்பேர் 'இன்ஃபோசிஸ் ஃபவுண்டேஷன் கோனப்பன அக்ரஹாரா'. அடுத்தடுத்து 'பயோகான் ஹெப்பகோடி', 'டெல்டா எலெக்ட்ரானிக்ஸ் பொம்மசந்திரா'. ஸ்டேஷன் கட்டப் பணம் கொடுத்தவர்களின் பேர் முன்னால். ஏரி வெட்டியவர் பேரை ஊருக்கு வைத்த பழைய பழக்கத்தின் இன்றைய அவதாரம் என்று எடுத்துக்கொள்ளலாம், தப்பில்லை. கிராமத்துப் பேரை அடியோடு எடுக்காமல் வாலாகவாவது விட்டு வைத்தார்களே, அதற்கு நன்றி. கவலை வேறு இடத்தில். வாடகைக்கு வீடு தேடும்போது, சாப்பாடு வரவழைக்கும்போது, நம் வாயில் வருவதெல்லாம் அபார்ட்மெண்ட் பேர்தான். அந்தப் பேர்களில் இத்தாலி இருக்கும், ஸ்பெயின் இருக்கும். தோகூர் இருக்காது. புழங்காத பேர் இரண்டு தலைமுறையில் செத்துப்போகும்.

பீரோவில் இருக்கும் சரித்திரம்

ஆனால் ஒரு இடத்தில் அந்தப் பேர் பத்திரமாக இருக்கிறது. இங்கே ஃப்ளாட் வாங்கியவர்கள் பீரோவைத் திறந்து கிரயப் பத்திரத்தை எடுங்கள். வங்கியில் அடமானம் என்றால் நகலை எடுங்கள். சொத்து விவரம் என்ற இடத்தில் சர்வே நம்பருக்குப் பின்னால் பாருங்கள். எலெக்ட்ரானிக் சிட்டி முதல் கட்டத்தைச் சுற்றி வாங்கியவர்களுக்குப் பெரும்பாலும் இப்படி இருக்கும்: தொட்டதோகூர் கிராமம், பேகூர் ஹோப்ளி, பெங்களூரு தெற்கு தாலுகா.

ஹோப்ளி என்பது நம் ஊர் பிர்கா மாதிரி, பல கிராமங்கள் சேர்ந்த வருவாய் வட்டம். பெம்பூரைத் தலையாக வைத்துப் பன்னிரண்டு ஊர், அதில் ஒன்று தொவகூர் என்று வீரக்கல் சொல்கிறது. பேகூரைத் தலையாக வைத்து ஒரு ஹோப்ளி, அதில் ஒன்று தொட்டதோகூர் என்று உங்கள் பத்திரம் சொல்கிறது. நடுவில் கங்கர், சோழர், ஹொய்சாளர், விஜயநகரம், கெம்பேகௌடர், மைசூர் ராஜா, வெள்ளைக்காரன், கியோனிக்ஸ் எல்லோரும் வந்துவிட்டார்கள். கணக்குப் பிள்ளையின் நோட்டில் அந்த வரி மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. நாகத்தரன் உயிரை விட்டு, அதன் பொருட்டு ஒருவன் பெற்ற ஊரில், நாம் இருபது வருஷ மாதத் தவணையில் எட்டாவது மாடியில் ஆயிரத்து இருநூறு சதுர அடி வாங்கியிருக்கிறோம்.

எனக்கு இதில் ஒரு நிம்மதி இருக்கிறது. இங்கே வந்து சேர்ந்தவர்களில் நாம் முதலும் இல்லை, கடைசியும் இல்லை. சோழர் காலத்தில் வந்தவர்கள், 1809-ல் கண்டோன்மென்ட் வந்தபோது ஆற்காட்டுப் பக்கமிருந்து கூட வந்தவர்கள், ஆலைகளுக்கு வந்தவர்கள், நம்மை மாதிரி கம்ப்யூட்டருக்கு வந்தவர்கள். அந்த வெப்பூர்க்காரர் 1247-ல் தானம் கொடுத்தபோது "நான் எந்த ஊர்?" என்று குழம்பியதாகத் தெரியவில்லை. வெப்பூர் என்று எழுதச் சொல்லியிருக்கிறார். தமிழில்தான் எழுதச் சொல்லியிருக்கிறார். இரண்டுக்கும் சண்டை வரவில்லை.

அதனால் பிள்ளைகளிடம் யாராவது கேட்டால் தாத்தா ஊரோடு சேர்த்து தோகூரையும் சொல்லச் சொல்லுங்கள். சொல்லும்போது சரியாகச் சொல்லச் சொல்லுங்கள். போர்டில் உள்ள கன்னட எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது, ஒரு மாதம் போதும். உள்ளூர்ப் பெரியவர் ஒருவரிடம் "தொட்டதோகூரு" என்று உகரத்தோடு சொல்லிப் பாருங்கள். 'ஈ-சிட்டி ஆட்கள்' என்று ஒதுங்கி நிற்பவர் "நிம்ம ஊரு யாவுது?" என்று பேச்சைத் தொடங்குவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைத் திட்டம்: காலையில் பேகூர் நாகேஸ்வரர் கோயில், 'பெங்களூரு' என்று எழுதிய கல். பத்து மணிக்கு மடிவாளா சோமேஸ்வரர் கோயில் சுவர். அங்கிருந்து டொம்லூர். மதியம் சாப்பிட்டுவிட்டு அருங்காட்சியகத்தில் நாகத்தரனின் வீரக்கல். போவதற்கு முன்னால் அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

போகிற இடத்தில் எழுத்து தெரியவில்லை என்று கல்லின் மேல் சாக்பீஸோ விபூதியோ தடவ வேண்டாம். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து தானாக எழுந்து நிற்கும். பழைய கோயில்களில் சுண்ணாம்பு அடித்தும், மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்தும் அழிந்த கல்வெட்டுகள் ஏராளம். பெங்களூரில் இப்போது மிதிக் சொசைட்டி போன்ற அமைப்புகள் கல்வெட்டுகளை முப்பரிமாண முறையில் ஸ்கேன் செய்து காப்பாற்றிக் கொண்டிருக்கிறார்கள். உங்கள் அபார்ட்மெண்ட் பின்னால், அரசமரத்தடியில், ஏரிக்கரையில் எழுத்து வெட்டிய பலகைக்கல் ஏதாவது சாய்ந்து கிடந்தால் அவர்களுக்குச் சொல்லுங்கள். துணி துவைக்கிற கல்லாகவும் சாக்கடை மூடியாகவும் கிடந்து, கடைசி நேரத்தில் கண்டெடுத்தவை நிறைய.

உங்கள் பத்திரத்தில் என்ன கிராமம், என்ன ஹோப்ளி என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். சர்ஜாபுரா, வைட்ஃபீல்டு பக்கம் இருப்பவர்களும் எழுதலாம். அந்தப் பேர்களுக்குள் என்ன இருக்கிறது என்று சேர்ந்தே தோண்டிப் பார்ப்போம்.